கேள்விக்குறிகளாகிப் போன 612 பெயர்களை மீட்ட தங்கப்பொண்ணு மீதான குறிப்பாணையை விலக்கக் கோருதல்

அனுப்புநர்:
சா. மீனலோசனி, பி.சி.ஏ.,
க/பெ சாய்பிரசாத்,
வில்லாபுரம், மதுரை.

பெறுநர்:
நிர்வாக அலுவலர் அவர்கள்,
பூந்தளிர் குழந்தைகள் இருதய நல அறக்கட்டளை,
கே.கே. நகர், மதுரை.

பொருள்: கணினிப் பிரிவு ஒப்பந்தப் பணியாளர் தங்கப்பொண்ணு அவர்களை மீண்டும் பணியில் அமர்த்துதல், அறுவைசிகிச்சைப் பட்டியலைச் சரிசெய்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இரவு பதினொன்றரை மணிக்கு மனு எழுதுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். மகள் கண்ணயர்ந்த பிறகுதான் எனக்குக் கை ஒழிகிறது. எழுத்து கோணலாக இருந்தால் அதற்கும் மன்னிக்கவும்.

1. என் மகள் ஹம்சவேணிக்குப் பதினான்கு மாதம். இருதயத்தில் துளை. அழுதால் உதடு நீலமாகிவிடும் என்பதால், அவளை அழவிடாமல் பார்த்துக்கொள்வதே என் முழுநேர வேலை. தங்கள் இலவச அறுவைசிகிச்சைப் பட்டியலில் சென்ற நவம்பரில் பதிந்தோம். வரும் 20ஆம் தேதி மருத்துவமனைக்கு அனுப்பப்படும் பட்டியலில் அவள் முறை வருகிறது.

2. கடந்த 7ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, பதிவேடு புதிய இணைய மென்பொருளுக்கு மாற்றப்பட்டது. பத்தரைக்கு ராகுகாலம் தொடங்குமுன் முடித்தாக வேண்டும் என்று, சர்வருக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, சோதனைக்கு ஆங்கிலத்தில் ஒரே ஒரு பெயரை அடித்துப் பார்த்துவிட்டுச் சூடம் காட்டிவிட்டார்கள் என அறிந்தேன். நான் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் நல்ல நேரம் பார்க்காமல் எதையும் தொடங்குவதில்லை. ஆனால் தமிழ் எழுத்தை ஏற்கும்படி டேட்டாபேஸ் அமைக்கப்படவில்லை. 612 குழந்தைகளின் பெயர்களும் வெறும் கேள்விக்குறிகளாகிவிட்டன. பதிவு எண்களும் ஒன்றிலிருந்து புதிதாகப் போடப்பட்டதால், எங்கள் கையிலுள்ள அட்டைகள் எதனுடனும் ஒத்துவரவில்லை.

3. மறுநாள் பிரவுசிங் சென்டரில் பார்த்துவிட்டு அலுவலகத்துக்கு ஓடிவந்தேன். "லிஸ்ட்ல பேரு இல்லம்மா, புதுசாப் பதிஞ்சுட்டுப் போங்க" என்றார்கள். புதிதாகப் பதிந்தால் வரிசையின் கடைசி; அடுத்த வருடம்தான். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கேயே அழுதுவிட்டேன். திருவாதவூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகும் தங்கப்பொண்ணுதான் எழுந்து வந்தார். "அழுகாதீங்கக்கா, நீங்க அழுதா பாப்பாவும் அழுகும். பழைய மிஷின்ல அம்புட்டுப் பேரும் பத்திரமா இருக்காங்க" என்றார்.

4. அதன்பின் ஐந்து நாட்கள் அவர் வேலை செய்த விதத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கல்லூரியில் டேட்டாபேஸ் பாடத்தில் எண்பது மதிப்பெண் வாங்கியவள் நான். இப்படி ஒரு பொறுமையை எந்த வகுப்பிலும் கண்டதில்லை. ஓடிக்கொண்டிருந்த சர்வரை அவர் தொடவே இல்லை. பழைய பதிவுகளை முதலில் இரண்டு சி.டி.க்களில் நகலெடுத்து, ஒன்றைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். வேறொரு கணினியில் மென்பொருளை முதலிலிருந்து நிறுவினார். முதல் தடவை டேட்டாபேஸ் இயங்கவே இல்லை. இரண்டாம் தடவை இயங்கியது, பாஸ்வேர்டை ஏற்கவில்லை. வந்த பிழைச் செய்தி ஒவ்வொன்றையும் நாற்பது பக்க நோட்டில் குறித்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்த்தார். இரண்டு அமைப்புகளைச் சேர்த்து மாற்றினால் சீக்கிரம் முடியுமே என்று அவசரப்பட்டேன். "ரெண்டையும் மாத்திச் சரியாப் போச்சுன்னா, எதுனால சரியாச்சுன்னு யாருக்குக்கா தெரியும்?" என்று சிரித்தார்.

தமிழை ஏற்கும் யூனிகோடு எழுத்துக்கு மாற்றிய பிறகும் எல்லாவற்றையும் ஏற்றிவிடவில்லை. ஒரே ஒரு பெயரை ஏற்றினார். என் மகள் பெயர் திரையில் முழுசாக வந்தது. அதன்பிறகே மற்றவை. ஒவ்வொரு பெயரையும் எண்ணையும் பழைய விண்ணப்பத் தாளோடு ஒப்பிட்டார். வியாழன் மாலைக்குள் 571 முடிந்துவிட்டன.

5. வெள்ளியன்று அவரை வேலையிலிருந்து நிறுத்திக் குறிப்பாணை வந்தது. பழைய கணினியில் தாங்கள் ஒட்டியிருந்த 'திறக்கக் கூடாது' என்ற சீட்டைக் கிழித்ததற்காக என்று அறிகிறேன். ஐயா, இதை எழுதத்தான் இவ்வளவு நேரம் தயங்கினேன். அந்தச் சனிக்கிழமை தாங்கள் ஊரில் இல்லை. "சார் புதன்கெழமை வந்துருவாரு, கேட்டுட்டுத் தொறக்குறேன்க்கா" என்றுதான் அவர் சொன்னார். அவர் தண்ணீர் கொண்டுவரப் போன நேரத்தில் சீட்டைக் கிழித்தவள் நான். அதுவரை காத்திருக்க எனக்கு முடியவில்லை. தம் விளக்கக் கடிதத்தில் அவர் என் பெயரை எங்குமே எழுதவில்லையாம்.

6. மீட்ட பெயர்கள் அனைத்தும் இப்போது அந்தத் தனிக் கணினியில் மட்டுமே உள்ளன. அவற்றைச் சர்வரில் ஏற்றும் முறை அவருக்கும் அவருடைய நோட்டுக்கும்தான் தெரியும். இன்னும் 41 பிள்ளைகளின் பெயர்கள் ஒப்பிடப்படவில்லை.

ஆகவே, குறிப்பாணையை விலக்கி, 20ஆம் தேதிக்கு முன் வேலையை முடிக்கத் தங்கப்பொண்ணுவை அனுமதிக்குமாறு வேண்டுகிறேன். சீட்டு விஷயத்தில் நேரில் வந்து எழுதிக் கொடுக்கத் தயாராக இருக்கிறேன். நடவடிக்கை எடுப்பதானால் என் மீது எடுங்கள். என் மகளின் முறையை மட்டும் அதனோடு சேர்க்காதீர்கள்.

நாலு நாள்தான் இருக்கிறது, ஐயா. தயவுசெய்து விரைவில் பதில் தாருங்கள்.

இடம்: வில்லாபுரம், மதுரை
நாள்: 16.09.2007

இப்படிக்கு,
சா. மீனலோசனி
(ஹம்சவேணியின் தாய், பழைய பதிவு எண் 388)