மால்டாக் கரையில் அப்பாவுக்குக் கிடைத்த பங்கு

வேதாரண்யேசுவரர் துணை

நன்னிலம்,
ஆனி மாதம்.

அன்பு மகள் ஆனந்தவல்லிக்கு அம்மா சௌந்தரநாயகி மனமார வாழ்த்தி எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகம், வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதால் வயலும் சுகம். ஈப்போவில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும். மால்டாவுக்குப் போய் உன் அண்ணனைப் பார்த்துவிட்டுத் திரும்பியும் ஒரு வரி எழுதவில்லையே என்று கோபித்திருக்கிறாய், வந்த நாளாய் ஊரே கூடிக் கதை கேட்டால் நான் எப்போது பேனாவைத் தொடுவது, இன்றுதான் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

கோவிந்தராசு நன்றாக இருக்கிறான், கொஞ்சம் இளைத்திருக்கிறான், கப்பல் பட்டறையில் எல்லாரும் அவனைக் 'கோவி' என்கிறார்கள். அந்தத் தீவு நம் தாலுகா அளவுகூட இருக்காது போலிருக்கிறது, எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் கொஞ்ச நேரத்தில் கடல் வந்துவிடுகிறது. வீடு, வேலி, வரப்பு எல்லாமே தேன் நிறக் கல். கடலோ நம் கோடியக்கரைக் கடல் மாதிரி இல்லை, படகில் போனால் அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரிகிறது, நான் பயத்தில் உன் அண்ணன் சட்டையைப் பிடித்தபடியே பார்த்தேன். பக்கத்துச் சின்னத் தீவுக்கும் கூட்டிப் போனான். அங்கே கடலோரப் பாறையைப் பாத்தி பாத்தியாக வெட்டி உப்பு விளைவிக்கிறார்கள், பிறந்த ஊர் நினைப்பில் ஒரு கல் எடுத்து வாயில் போட்டேன், நம் வேதாரண்யம் உப்புக்குத்தான் கரிப்பு ஜாஸ்தி. அவர்கள் பாஷையில் பாதி அரபி மாதிரி இருக்கிறது. ஜவுளிக்கடை முகம்மது யூசுப் ராவுத்தர் புறப்படும்போது நாலு வார்த்தை சொல்லிக் கொடுத்தாரே, அதில் ரொட்டிக்கான வார்த்தையை அப்பா தைரியமாகக் கடையில் சொல்ல, அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே ரொட்டியை எடுத்து நீட்டிவிட்டாள். அன்றிலிருந்து பசியோ இல்லையோ, பார்க்கிற கடையில் எல்லாம் ரொட்டி.

இப்போது உன் அண்ணனுக்கும் முழுசாகத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நாங்கள் புறப்படும்போது இங்கே நிலைமை எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியும். நடவுக் கூலியை ஏற்றிக் கேட்டுச் சங்கத்துக்காரர்கள் கொடி நட்டிருந்தார்கள், நம் வயலில் ஏர் பிடிக்கிற பக்கிரியும் அவன் பெண்சாதி எல்லையம்மாளும் முன்னால் நின்றார்கள், "சட்டம் சொல்ற கூலியத்தானே கேக்குறோம் ஐயா" என்றான் பக்கிரி. அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை, வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கி நடவை முடிக்கிறேன் என்று பேசி வைத்துவிட்டார். போன குறுவையில் பக்கத்து ஊரில் இப்படி இறக்கித்தான் வெட்டுக்குத்து வரை போனது. நான் அதைச் சொல்லப் போனால், "உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்றார்.

ஒரு நாள் அண்ணன் வேலைக்குப் போனபின் இரண்டு பேருமாக மார்சாஷ்லொக் என்ற மீன்பிடி ஊருக்கு பஸ் ஏறினோம். படகுக்கெல்லாம் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று பட்டை பட்டையாக வர்ணம், முகப்பில் இரண்டு பக்கமும் கண் எழுதியிருக்கிறார்கள், பார்க்கிறவரையே அவை பார்ப்பது போல இருக்கும். திரும்பி வரும் வழியில் கோயில் பார்க்க ஓர் ஊரில் இறங்கினோம். அந்த மாதா கோயிலில் இரண்டு கடிகாரம், ஒன்று சரி, ஒன்று வேண்டுமென்றே தப்பு, பூசை நேரம் சாத்தானுக்குத் தெரியக்கூடாதாம். அப்பா தப்பைப் பார்த்து நேரம் இருக்கிறது என்று நிதானமாக நடக்க, பஸ் போய்விட்டது. "பிசாசு ஏமாந்துச்சோ இல்லையோ, நான் ஏமாந்துட்டேன்" என்றார். அடுத்த பஸ் வரட்டும் என்று கடற்கரைப் பக்கம் இறங்கினோம்.

அப்போதுதான் காற்று திரும்பியது. சொல்லாமல் கொள்ளாமல் கடல் கறுத்து அலை எழும்பிவிட்டது. கரையோரம் ஒரு படகு, உள்ளே வயசான ஒருவரும் அவர் மகனும், இந்தப் பக்கம் பாறை அந்தப் பக்கம் பாறை, நடுவில் ஒரு சின்னச் சரிவு. கரையில் இருந்தவர்கள் படகின் கயிற்றைப் பிடித்துவிட்டார்கள், ஆனால் ஆள் போதவில்லை, அலை இழுக்க இழுக்கப் படகு பாறைக்குப் போகிறது. ஒரு பெண்பிள்ளை தலையில் அடித்துக்கொண்டு அழுகிறாள். நான் அம்பாளைக் கூப்பிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன், திறந்தால் பக்கத்தில் இவரைக் காணோம். செருப்பு கிடக்கிறது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் கயிற்றின் முனையில் நிற்கிறார், நம் ஊர்க்காரர் மாதிரி "ஏலேலோ" போடுகிறார், அவர்களும் அந்தக் கணக்குக்கே இழுக்கிறார்கள். சம்பா அறுப்பில்கூடக் குடை பிடித்து நின்றவர், வல்லி! படகு ஒரு பாறையில் உரசிப் பலகை பிளந்தது, ஆனாலும் ஏறிவிட்டது. இரண்டு பேரும் பிழைத்தார்கள்.

அந்தப் பெரியவர் நடுக்கம் நிற்பதற்குள் பிடித்த மீனைக் கல்லில் கொட்டிக் கூறு போட்டார். தனக்கும் மகனுக்கும் எவ்வளவோ அவ்வளவேதான் கயிறு பிடித்த ஒவ்வொருவருக்கும், உன் அப்பாவுக்கும் ஒரு கூறு, நம் சங்கரா மாதிரி சிவப்பு மீன். அப்பா வேண்டாம் என்று தலையாட்ட, பெரியவருக்குக் கோபமே வந்துவிட்டது, மீனை இவர் துண்டில் கட்டித் தோளில் தட்டிக் கொடுத்தார். பக்கத்தில் இங்கிலீஷ் தெரிந்த ஒருவர் விளக்கியதை நான் அரைகுறையாகப் புரிந்துகொண்டேன், கயிறு தொட்டவன் கேட்டு வாங்கக்கூடாதாம், படகுக்காரன்தான் கொடுக்க வேண்டுமாம். பஸ்ஸில் அந்தத் துண்டு மூட்டையை அப்பா மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். அண்ணனிடம் மீன் வாங்கி வந்ததாகச் சொல்லிவிட்டார். கையெல்லாம் கயிறு அறுத்த காயம், அந்த ஊர் எண்ணெயைத் தடவிவிட்டேன்.

ஊர் வந்து இறங்கிய மறுநாளே லாரிக்காரனிடம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். எனக்கு நம்பிக்கையில்லாமல் ஏன் என்று கேட்டேன், "வாடகை அதிகம் கேக்குறான்" என்றார். அன்று சாயங்காலம் யாரையும் அனுப்பாமல் தானே பக்கிரி தெருவுக்கு நடந்து போனார், அந்தத் தெருவுக்குள் அவர் போய் நான் பார்த்ததே இல்லை. என்ன பேசினார்களோ, கேட்ட கூலியில் கொஞ்சம் குறைத்துத்தான் முடிந்ததாம், உன் அப்பா ஒரேயடியாக மாறிவிடுவாரா என்ன. மற்ற நிலக்காரர்கள் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார்கள், கல்யாணப் பத்திரிகை ஒன்று நமக்கு வைக்காமல் நம் வீட்டைத் தாண்டிப் போய்விட்டது, போகட்டும். எல்லையம்மாள் ஆட்களோடு இறங்கி மேலண்டை வயல் முழுக்க நட்டாகிவிட்டது.

குழந்தைக்குத் தலைக்கு ஊற்றினால் சாம்பிராணி காட்ட மறக்காதே. மாப்பிள்ளையை வெயிலில் அதிகம் அலையவேண்டாம் என்று சொல். பொங்கலுக்கு வருவதாக எழுதினாய், டிக்கெட் இப்போதே சொல்லிவை. தீர்க்கசுமங்கலியாக, நிறைந்த வீடாக இருங்கள்.

இதை எழுதும்போது மடைப் பக்கம் அப்பாவும் பக்கிரியும் தண்ணீர் முறைக்காகக் கத்திக்கொள்வது இங்கே வரை கேட்கிறது. பங்குனியிலிருந்து நாங்கள் ஊர் திரும்பும்வரை இரண்டு பேரும் முகம் கொடுத்துக்கூடப் பேசவில்லையம்மா. கத்தட்டும்.

உன் அம்மா,
சௌந்தரநாயகி