இரட்டையரில் ஒருவன் பார்த்த முடிவு

அண்ணா,

என்னைக் கேட்காமல் என் மரபணுச் சோதனை முடிவையும் நீ பார்த்துவிட்டாய். நாம் உருவொத்த இரட்டையர். உனக்கு இருப்பதுதான் எனக்கும். அப்பாவுக்கு இளவயதிலேயே அல்சைமர் கொடுத்த மரபணுப் பிழை எனக்கும் உண்டா என்று தெரியவே வேண்டாம் என ஆராய்ச்சி நிலையத்தில் எழுதிக் கொடுத்தவன் நான். அவர்களுக்கு ஆராய்ச்சிக்கு நம் ரத்தம் கிடைத்தால் போதும். உன் முடிவைச் சொன்னால் என்னுடையதையும் சொன்ன மாதிரிதான் என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை.

நேற்று உன் பைக்கைக் கீழே போட்டுக் கண்ணாடியை உடைத்தேன். "போனா போகுதுடா, உனக்கு அடிபடலையே?" என்றாய். முடிவு வராத போன மாதமாக இருந்தால், "கண்ணப் பொடனியிலயா வச்சிருக்க, எருமை?" என்று தெருவே கேட்கக் கத்தியிருப்பாய்.

என் மனைவிக்கு இது ஏழாம் மாதம். அவளும் உன் முகத்தில் முடிவைத் தேடத் தொடங்கிவிட்டாள்.

நாளை வீட்டுக்கு வா. அவள் முன்னால் என்னைப் பழையபடி திட்டு.

உன் தம்பி