அம்மன் டின்னில் எடுத்த எண்ணெய்

என் செல்வி அக்காவுக்கு, என் செல்லத்துக்கு, என் தலைவலிக்கு,

நீ போய் எட்டு மாதமாகிறது. செத்தவளுக்குக் கடிதம் எழுதுவது பைத்தியக்காரத்தனம் என்று எனக்கும் தெரியும். ஆனால் இதை வேறு யாரிடம் போய்க் கேட்பது? அப்பா அந்தச் சுவரோரம் படுத்திருக்கிறார். அவர் இருமும்போதெல்லாம் தாளைப் பாய்க்கு அடியில் தள்ளிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் நான் பொறுப்பில்லை.

முதலில் ஒரு கேள்வி. சவர்க்காரம் செய்கிற உன் நோட்டில் எல்லாவற்றையும் தமிழில் எழுதினாயே, அந்த இரண்டு வரியை மட்டும் ஏன் சிங்களத்தில் எழுதினாய்? கேகாலையில் வகுப்பெடுத்த மிஸ் போர்டில் எழுதியதை அப்படியே பார்த்து எழுதியிருக்கிறாய். வீட்டுக்கு வந்து தமிழில் மாற்றி எழுத உனக்கு அவ்வளவு சோம்பலா? நீ கீழே கிராமத்துச் சிங்களப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். நான் பஸ் ஏறித் தமிழ்ப் பள்ளிக்கூடம் போகிறவள். எனக்குச் சிங்களத்தில் சண்டை போடக்கூட வரும். வாசிக்க வராது. அது உனக்குத் தெரியாதா?

கோபப்படாதே. நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

நீ போன அன்றே அப்பா உன் தராசையும் நோட்டையும் தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார். "அந்தச் சோடாப் புகை நெஞ்சுல ஏறித்தான் எம்புள்ள போனா. இனிமே இந்த வீட்டுல சவுக்காரம்னு ஒருத்தி பேசக் கூடாது" என்றார். எலிக்காய்ச்சல் என்று டாக்டர் தமிழிலும் சிங்களத்திலும் சொல்லிவிட்டார். இவர் காதில் ஏறவில்லை. குவைத்திலிருந்து அம்மா போனில் அழுது சொன்னாள். அதுவும் ஏறவில்லை.

நானும் பேசாமல்தான் இருந்தேன். பிள்ளைக் காம்பராவில் உன் இடத்துக்குக் கமலா அக்கா வந்திருக்கிறாள். தாய்மார் ரப்பர் பால் வெட்டப் போனதும் பதினாலு குழந்தைகளையும் அவள்தான் பார்க்கிறாள். ஒரு நாள் என்னை வழியில் மறித்துக்கொண்டாள்.

"ஏ சுமதி, ஒங்கக்கா இருந்தா இந்நேரம் சவுக்காரம் கொண்டாந்திருப்பா. இங்க இருக்கிறது உடுப்புத் தொவைக்கிற சோப்புக் கட்டி. புள்ளைங்களுக்கு அக்குள்ல எல்லாம் தோலு உரியுது. ஒனக்குச் செய்யத் தெரியாதா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். உன்னால் வந்த வீராப்பு. "தெரியுமே" என்றுவிட்டேன்.

நாம் இரண்டு பேரும் எதற்காகச் சண்டை போடுவோம், ஞாபகம் இருக்கிறதா? தேங்காயெண்ணெய் மட்டும் போதும் என்பேன் நான். கட்டியாக வரும், நுரை பொங்கும், ரப்பர் பால் ஒட்டிய கையையும் வெளுக்கும். வேறென்ன வேண்டும்? உனக்கு அது போதாது. நல்லெண்ணெய் கொஞ்சம், ஆமணக்கெண்ணெய் கொஞ்சம், வேப்பெண்ணெய் ஒரு சொட்டு என்று பரப்பி வைத்துக்கொண்டு உட்காருவாய்.

"தேங்கண்ணெ மட்டும் போட்டா அழுக்கோட சேத்து தோல்ல உள்ள பசையவும் இழுத்துரும்டி. சின்னப்புள்ள தோலு வெள்ளையாப் பூத்துப் போவும்" என்பாய்.

"ஒனக்கு எதையும் நேராச் செய்ய வராதா? ஆறு போத்தல் எதுக்கு?"

"நீ கொழம்புக்கு உப்பு மட்டும் போட்டு எறக்குவியா? போடி அங்கிட்டு."

அப்போது சிரித்தோம். இப்போது எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. நீ ஒற்றை எண்ணெயோடு நின்றிருந்தால் நானும் நின்றிருப்பேன். குழந்தைகளுக்குக் கலவைதான் நல்லது என்று என் மண்டையில் ஏற்றியவள் நீ.

ஆறு எண்ணெய்க்கு நான் எங்கே போவேன்? அப்போதுதான் மாரியம்மன் திருவிழா முடிந்தது. வீட்டுக்கு வீடு நேர்ந்துகொண்டு எண்ணெய் கொண்டுவந்து விளக்கு டின்னில் ஊற்றுவார்களே, அது இந்த முறை பாதி டின் மிஞ்சிவிட்டது. தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், இலுப்பெண்ணெய், ஆமணக்கெண்ணெய் எல்லாம் ஒன்றாய்க் கிடந்தன. யார் எதை எவ்வளவு ஊற்றினார்கள் என்பது அம்மனுக்கே தெரிந்திருக்காது. எனக்கு அது உன் கலவையைக் கோயிலே செய்து வைத்த மாதிரி இருந்தது. வீட்டு விளக்குக்கு என்று பூசாரியிடம் பொய் சொல்லி இரண்டு போத்தல் வாங்கி வந்தேன்.

பெட்டிச் சாவி அப்பாவின் சட்டைப் பையில்தான் இருக்கும். ஒரு சனிக்கிழமை அவர் குளிக்கப் போன நேரத்தில் தராசையும் நோட்டையும் எடுத்தேன். விறகுச் சாக்குக்குப் பின்னால் நீ ஒளித்து வைத்த கோஸ்டிக் சோடா டப்பா அவர் கண்ணில் படவேயில்லை. நோட்டின் முதல் பக்கத்தில் எண்ணெய்க்கு இவ்வளவு சோடா என்று தமிழில் அழகாக எழுதியிருந்தாய். அதையே நிறுத்துப் போட்டேன். அதற்குக் கீழேதான் அந்த இரண்டு சிங்கள வரி. மிஸ்ஸின் பெயரும் ஊரும் என்று நினைத்துக்கொண்டேன், அக்கா.

உன்னைப் போலவே மீன் டின்களில் ஊற்றி, ஒரு மாதம் காய வைத்தேன். வட்ட வட்டமாக, கல் மாதிரி வந்தது. யாருக்கும் கொடுப்பதற்கு முன்னால் நீ நாக்கு நுனியில் தொட்டுப் பார்ப்பாய். சுள்ளென்று இழுத்தால் கொடுக்கமாட்டாய். நான் அதைச் செய்யவில்லை. மறந்து போகவில்லை. அம்மனுக்கு ஊற்றிய எண்ணெயை எச்சில் படுத்தலாமா என்று பயந்துவிட்டேன். திட்டு, நன்றாகத் திட்டு. ஏற்கெனவே பொய் சொல்லி வாங்கிய எண்ணெய், அதில் எச்சில் வேறா என்று அன்றைக்கு அது பெரிய நியாயமாகத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு கட்டியைக் கமலா அக்காவிடம் கொடுத்தேன். "அப்பாகிட்ட சொல்லிராதீங்க" என்றேன். "நான் ஏன் சொல்றேன்? திங்கக்கெழம காலையில எல்லாப் புள்ளைங்களையும் முழுக்காட்டிர்றேன்" என்று சந்தோஷமாக உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, நிவித்திகலையில் இருக்கிற தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். நாளைக் காலை முதல் பஸ்ஸில்தான் வருகிறாள். ஒரே ஒரு கட்டியை எனக்கென்று, தண்ணீர் பிடிக்கிற பீலிக்கல்லுக்குப் பின்னால் செருகி வைத்தேன்.

அதை அப்பா கண்டெடுத்துவிட்டார்.

நேற்று நான் குடத்தோடு போகும்போது பீலியில் நின்றுகொண்டிருந்தார். கத்தப் போகிறார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை. அந்த வட்டக் கட்டியை மூக்கில் வைத்து மோந்தார். பிறகு கை இரண்டையும் மெதுவாக, விரல் விரலாகத் தேய்த்துக் கழுவினார். துடைத்து, வாழையிலைத் துண்டில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அது நீ விட்டுப் போன கட்டி என்று நினைத்துவிட்டார், அக்கா. சவுக்காரம் என்று பேசக் கூடாது என்றவர்.

ராத்திரிச் சோற்றைப் பிசைய முடியவில்லை அவரால். விரலிடுக்கெல்லாம் சிவந்து பொத்துப் போயிருந்தது.

"என்னப்பா கையி?"

"ரப்பர் ஸ்டோர்ல ஆசிட்டு பட்டிருக்கும். ஒண்ணுமில்ல, நீ தின்னு."

இன்று காலையும் அதையே தேய்த்துக் கழுவினார். எரிகிற கையை அதே கட்டியால். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை அல்லவா, அம்மாவின் அழைப்புக்காகச் சோமாக்கா கடைக்குப் போனோம். சிங்களத்தி, உன்மேல் எவ்வளவு பிரியம் அவளுக்கு! அப்பா போனில் பேசிக்கொண்டிருந்தபோது நோட்டை மெதுவாக அவளிடம் நீட்டினேன். அவள் கண்ணைச் சுருக்கி வாசித்துவிட்டு, ஐயோ தங்கச்சி என்கிற மாதிரி "அனே நங்கி" என்று ஆரம்பித்து, சிங்களத்திலேயே விளக்கினாள். இந்தக் கணக்கு தேங்காயெண்ணெய்க்கு மட்டும், மற்ற எண்ணெய்களுக்கு இதைவிடக் குறைவாகத்தான் சோடா வேண்டும் என்பது முதல் வரி. என்ன எண்ணெய் என்று தெரியாவிட்டால் சவர்க்காரம் செய்யாதே என்பது இரண்டாவது வரி.

எண்ணெய் குடிக்காமல் மிஞ்சிய சோடா அத்தனையும் கட்டிக்குள் அப்படியே இருக்கிறது. காய்ப்புக் காய்த்த அப்பாவின் கையையே அது இப்படித் தின்றால், நாளைக் காலை அந்தப் பதினாலு குழந்தைகளுக்கும் என்ன ஆகும்? கடைக்குட்டிக்கு இப்போதுதான் பல் முளைக்கிறது. கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கிறது.

என் ஸ்கூல் பஸ் ஆறு மணிக்கு. காம்பரா திறப்பது ஆறரைக்கு. நான் பஸ்ஸை விட்டுவிட்டு அங்கே நின்றால், பக்கத்திலேயே வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு வந்து நிற்கிற அப்பா, ஏன் போகவில்லை என்று கேட்பார். இதற்கு நல்ல பொய்யாக ஒன்று தேடித் தேடிப் பார்த்தேன். பூசாரியிடம் ஒரு பொய், கமலா அக்காவிடம் ஒரு பொய். எனக்குக் களைத்துப் போய்விட்டது.

அடிக்கு நான் பயப்படவில்லை. அவர் அந்த நோட்டை அடுப்பில் போடுவார். உன் கையெழுத்து என்று இந்த வீட்டில் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று. "அந்தக் கட்டி செல்வியோடது இல்லப்பா, நான் செஞ்சது" என்று சொல்ல வேண்டும். பையிலிருந்து அதை எடுத்துக் கீழே போடும்போது அவர் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? எட்டு மாதத்துக்குப் பிறகு உன்னை மோந்து பார்த்தவரிடம் போய் அதை எப்படிச் சொல்வது? நீ இருந்தால் என்னை முன்னே தள்ளிவிட்டிருப்பாய். "சொல்லித் தொலைடி" என்றிருப்பாய்.

சரி, சொல்லித் தொலைக்கிறேன்.

நாளை அவர் தேத்தண்ணி குடிக்கும்போதே நோட்டைக் கொண்டுபோய் மடியில் வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். பிறகு காம்பராக் கதவில் முதுகை வைத்து நிற்கிறேன். கமலா அக்கா வந்து பன்னிரண்டு கட்டியையும் எண்ணிக் கொடுக்கும்வரை நகரமாட்டேன். உன் கலவை பிழை என்று நான் இப்போதும் சொல்லவில்லை, உனக்கு என்ன ஊற்றுகிறோம் என்று தெரிந்திருந்தது. எனக்குத் தெரியும்வரை, அப்பா எப்போதாவது மனம் இரங்கிச் செய்ய விட்டால், தேங்காயெண்ணெய் மட்டும்தான். குழந்தைகளின் தோல் வெள்ளையாகப் பூத்தால் திட்டிக்கொள். அதற்கும் முன்னால் சோமாக்காவிடம் சிங்கள எழுத்துப் படிக்கிறேன். இது சத்தியம்.

நோட்டு எரிந்தாலும் எரியட்டும் என்று அந்த இரண்டு வரியை இந்தத் தாளின் அடியில் பார்த்து வரைந்திருக்கிறேன். நீ வளைத்த இடத்தில் வளைத்து, நீ அழுத்திய இடத்தில் அழுத்தி வரைந்தேன். அழித்து அழித்து மூன்று தடவை. கடைசித் தடவை உன் கையெழுத்து மாதிரியே வந்துவிட்டது, அக்கா.

உன்மேல் இன்னும் கோபம் தீராத,
உன் கூடப்பிறந்தவள்,
சுமதி