உறவினர் உண்டா?

என் சிடுமூஞ்சிக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

புதிய நூலகக் கட்டட டெண்டர் உறைகளை இன்று மாநகராட்சியில் பிரித்தோம். மூன்றாவது உறையில் உன் கையெழுத்து. கடைசி எழுத்தின் வாலை இன்னும் மேலே சுழித்துத்தான் விடுகிறாய்.

டெண்டர் போட்டவர் உறவினர் என்றால் சட்ட அதிகாரி விலக வேண்டும். அந்த விதியை எழுதியவளே நான்தான். உடனே ஆணையரிடம் போனேன். "சார், இது என் பொண்ணோட கம்பெனி. நான் விலகிக்கறேன்."

"கடைசியா எப்ப பேசினீங்க மேடம்?"

"ஆறு வருஷம் ஆச்சு."

"வீட்டுக்குப் போக்குவரத்து?"

"கிடையாது சார்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப பிரச்சினையே இல்லையே! 'எந்தத் தொடர்பும் இல்லை'ன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நீங்களே பாக்கலாம்."

இருபத்தேழு வருடமாக அடுத்தவர் ஒப்பந்தங்களில் ஓட்டை தேடியவள் நான். அந்த ஒரு வரியில் ஓட்டையே இல்லை. உன்னை வாசலோடு திருப்பி அனுப்பிய அன்றே அதை நான் அடைத்துவிட்டேன்.

ஆனாலும் பேனாவை மூடிவிட்டேன். கோப்பு வேறு மேசைக்குப் போய்விட்டது. முடிவு அறிவிக்கும்வரை இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்க மாட்டேன். அதுவும் நான் எழுதிய விதிதான்.

ஏன் மூடினேன் என்று கேட்பாய். உன் உறையிலும் ஒரு படிவம் இருந்தது: 'மாநகராட்சியில் உறவினர் உண்டா?' எல்லோரும் அந்தக் கட்டத்தில் 'தாய்', 'தந்தை' என்றுதான் எழுதுவார்கள். நீ 'அம்மா' என்று எழுதியிருந்தாய்.

இப்படிக்கு,
அந்தக் கட்டத்தில் இருப்பவள்