வெள்ளிடைத்துறை ஆட்டக்களம் குறித்துக் குறும்பொறைத் தலைவர்க்கு விடுத்த ஓலை

மழை மறவாத மலைகளும் மணல் தூராத துறைகளும் உடைய நெடுங்கரை நாட்டை ஆண்டருளும் கோமகள் நல்லினித் தேவியார் ஆணைப்படி, அவர்தம் ஓலைநாயகம் மாறன் பொறையன், குறும்பொறைக் கூற்றத்துத் தலைவரும் யானை ஏறும் உரிமை பெற்றவருமாகிய எயினன் கோடனார்க்கு விடுக்கும் ஓலை. தங்கள் சுனைகள் கோடையிலும் ஊறுக. தங்கள் மக்களும் கால்நடைகளும் நோயின்றி வாழ்க. இவ்வோலை தங்களை நல்ல பொழுதில் வந்தடைக.

தங்கள் ஊர் இளையோர்க்கென அரண்மனை அமைத்த ஆட்டக்களம் பாழ்பட்டதென்றும், அதைச் சீர்செய்ய மீண்டும் பொன் அருள வேண்டுமென்றும் தாங்கள் விடுத்த விண்ணப்பம் கோமகளார் திருமுன் வாசிக்கப்பட்டது. இதே செய்தி வேறு ஊர்களிலிருந்தும் வந்து கிடக்கிறது. முடிசூடிய ஆண்டில் ஊர்தோறும் களம் அமைக்கப் பொன் வழங்கியவர் கோமகளாரே. சில மழைக்காலம் கடப்பதற்குள் ஒரு களத்தில் நெருஞ்சி படர்ந்தது. இன்னொன்றில் வைக்கோற்போர் ஏறியது. மற்றொன்றில் ஊர் அதிகாரியின் குதிரைகள் கட்டப்பட்டன. இனிக் களம் என்ற பேச்சே வேண்டா, அந்நிலங்களை உழவுக்கு விடுவோம் என்று அவையோர் முடிவு கட்டவிருந்த வேளையில் ஒரு செய்தி வந்தது. செங்கலுழி ஆற்றங்கரையில் உள்ள வெள்ளிடைத்துறையில் களம் அன்றாடம் நிறைந்திருக்கிறது என்பதே அது. அவ்வூர்க்கு அனுப்பிய பொன்னோ வெள்ளத்தில் படகோடு போனது. பொன் சென்று சேராத ஊரில் மட்டும் களம் நிலைத்தது எப்படி என்று கோமகளார் வினவினார். ஆகவே நாடுகண்காணி அழிசியார் அனுப்பப்பட்டார்.

அழிசியார் இயல்பைத் தாங்கள் அறிவீர்கள். ஒரு செய்தியின் வேர் தெரியாதவரை அவருக்குச் சோறு இறங்காது. அதிகாரியாகப் போனால் ஊர் பூசி மெழுகும் என்று எண்ணி, பயறு விற்பவர்போல் ஒரு மூட்டையோடு தனியே ஆற்றங்கரை சேர்ந்தார். அங்கே ஓடத்துறைக் குத்தகை வேண்மாள் என்னும் பெண்ணுடையது. ஓடத்தின் முகப்பில் சால் எனப்படும் வாயகன்ற பெரும்பானை ஒன்று இருந்தது. உப்பு வணிகராகிய உமணர் அதில் உப்பு இட்டனர். மிளகு வணிகர் மிளகு இட்டனர். அழிசியார் ஓடக்கூலி கொடுத்து ஏறப்போனபோது வேண்மாள் அவரை நிறுத்தினாள்.

“களத்துக்கு ஒரு பிடி போட்டுட்டு ஏறுங்க ஐயா.”

அவரும் ஒரு பிடி பயறு இட்டு ஏறினார். இது யார் ஆணை என்று உடன் வந்தவர்களைக் கேட்டார். ஒருவர் ஊரவை ஆணை என்றார். ஒருவர் கோயில் ஆணை என்றார். ஒரு முதியவர் எப்போதும் இப்படித்தான் என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். அரசின் இசைவின்றித் துறையில் எதையும் வரிபோல் வாங்கித் தண்டக்கூடாது என்பது சட்டம். மீறினால் துறைக் குத்தகை பறிபோகும், ஊர்மேலும் குற்றம் விழும். ஆனாலும் அழிசியார் அப்போது வாய் திறக்கவில்லை. சட்டத்தைச் சொல்லிவிட்டால் சாலில் விழுந்த பயறு எங்கே போகிறதென்று தெரியாமல் போய்விடும் என்பதே அவர் கவலை.

பயறு போன இடத்தை அன்று மாலையே கண்டார். வேலை முடிந்ததும் இரு கரை இளையோரும் களத்துக்கு வந்தனர். உப்பளத்திலிருந்து வந்தவர் காலில் உப்புப் பூத்திருந்தது. சாயப்பட்டறையிலிருந்து வந்தவர் கை முழங்கைவரை நீலம். எதிர்ப்புறமான கீழ்க்கரைப் பிள்ளைகளை ஓடம் கூலியின்றி ஏற்றி வந்தது. ஒருபுறம் சடுகுடு, ஒருபுறம் பெண்பிள்ளைகளின் ஓட்டம், நடுவே மற்போர். ஓரத்தில் பெரிய மிடாப்பானை ஒன்றில் சாலில் விழுந்ததெல்லாம் கஞ்சியாகக் கொதித்தது. பயிற்றுவிக்கும் மல்லனுக்குக் கூலியும் அதே சாலிலிருந்துதான். களத்தைச் சுற்றி நின்ற ஊரார், மணலைச் சரியாகச் சலிக்கவில்லை என்று மல்லனோடு சண்டையிட்டனர். தாம் இட்ட பிடி வீணாகிறதோ என்று உப்பு விற்பவள் ஒருத்தி கஞ்சியைத் துழாவிப் பார்த்தாள். அரண்மனை அமைத்த எந்தக் களத்திலும் ஊரார் இப்படிச் சண்டையிட்டு அழிசியார் கண்டதில்லை.

மறுநாள் அவர் முத்திரையைக் காட்டி ஊரவையைக் கூட்டினார். வேண்மாள் தானே முன்வந்து, பிடி தண்டியவள் தானே என்றும் ஊரைக் குற்றம் சொல்ல வேண்டா என்றும் ஒப்பினாள். முன்பு உப்பு உலர்த்தும் திட்டுக்காக இரு கரை இளைஞரும் துடுப்பால் மோதிக்கொண்டதையும், அதில் தன் தமக்கை மகன் கால் இழந்ததையும் சொன்னாள். பொன் வரும் என்று ஊர் காத்திருந்ததாம். வராது என்று தெரிந்தபின், ஆற்றோரம் இருந்த தன் நிலத்தையே களமாக்கி, ஓடத்தில் அந்தச் சால் ஒன்றை வைத்தாளாம். அரண்மனையில் ஏன் மீண்டும் கேட்கவில்லை என்று அழிசியார் வினவினார்.

“கேட்டா குடுத்திருப்பீங்க ஐயா. அப்புறம் அது அரண்மனைக் களம். மணல்ல முள்ளு கெடந்தா, அரண்மனை ஆள் வந்து எடுக்கட்டும்னு போயிடுவாங்க.”

அழிசியார் அவ்விடையால் மகிழ்ந்தார். ஆயினும் அதோடு விடவில்லை. நாளில் பலமுறை ஆறு கடக்கும் விறகுக்காரி ஒருத்தி, ஒவ்வொரு முறையும் ஒரு பிடி அரிசி இட்டுத் தன் வீட்டு உலைக்குக் குறைவதாக அவரிடம் புலம்பியிருந்தாள். பிடி தர மறுத்த வணிகன் ஒருவனை வேண்மாள் பொழுது சாயும்வரை கரையில் நிற்கவைத்ததையும் கேட்டறிந்திருந்தார். விருப்பத்தில் தொடங்கியது வரியாகிவிட்டதே என்று அவர் சொன்னபோது, அதுவரை நிமிர்ந்து நின்றவள் முகம் வாடினாள்.

“அது தப்புதான் ஐயா. பானை குறையுமேன்னு பயந்துட்டேன்.”

தண்டிக்கவும் மனமின்றி, மறைக்கவும் மனமின்றி, அழிசியார் அவளைத் தலைநகர்க்கே அழைத்து வந்தார். அவளைச் சிறைக்குக் கொண்டுபோவதாக எண்ணிய இளையோர், ஓடம் ஆற்றில் இறங்கியதும் இரு கரையிலும் கூடவே ஓடி வந்தனர். ஊர் எல்லை கடந்தும் ஓடினர். மூச்சு முட்டிச் சிலர் உட்கார, மற்றவர் ஓடினர். ஒருகாலத்தில் துடுப்போங்கிய அக்கரையும் இக்கரையும் ஒரே ஓடத்துக்காக ஓடுவதைக் கண்டு, தம் கண் நனைந்ததென்று அழிசியார் திருமுன் ஒளிக்காமல் சொன்னார்.

முழுதும் கேட்ட கோமகளார், கடைசிவரை ஓடியது யார் என்று வினவினார். அழிசியார்க்குத் தெரியவில்லை. வேண்மாளுக்குத் தெரிந்திருந்தது. சாயக்காரர் மகள் ஆந்தை என்றாள். அவள் இடக்கால் சற்றே சாய்த்து ஓடுவாள் என்றும், கீழ்க்கரை உமணர் மகன் கீரன் அவளை முந்தப் பார்த்து ஒருநாளும் முந்தியதில்லை என்றும் சொல்லிக்கொண்டே போனாள். கோமகளார் அவளை இடைமறிக்கவில்லை.

அதன்பின் பிறந்த ஆணை இது. வேண்மாள் வற்புறுத்தித் தண்டியது குற்றம். கரையில் நின்ற வணிகனை இவ்வாண்டு முழுதும் கூலியின்றி அவள் ஏற்றுவாளாக. விரும்பி இடும் பிடி இனிச் சட்டப்படி செல்லும். தலைச்சுமைக்காரரிடம் கேட்கலாகாது. ஊர் இடும் அளவுக்கு அரண்மனையும் நெல் இடும். ஊர் நிறுத்தினால் அரண்மனையும் நிறுத்தும். எந்தக் களமும் உழவுக்கு விடப்படாது.

கோடனாரே, தங்களுக்கு இப்போது பொன் அனுப்பப்படவில்லை. இதனைச் சினமாகக் கொள்ளற்க. இவ்வோலையைக் கொணரும் அழிசியாரைத் தங்கள் மாளிகையில் தங்கவைக்காது, இளையோர் கூடும் இடத்துக்கு அழைத்துச் செல்க. அவர்கள் ஏன் களத்தை விட்டு அகன்றனர் என்பதைத் தாங்களே அவர்கள் வாயால் கேட்க. களத்தின் மதிலும் வாயிலும் எவ்வளவு சிதைந்தன என்று தங்கள் விடையில் எழுத வேண்டா. குறும்பொறையில் விரைந்து ஓடுபவர் யார், அவரை முந்தத் துடிப்பவர் யார் என்று எழுதுக. அவர்கள் பெயரை அறியக் கோமகளார் காத்திருக்கிறார்.

நாரை இலச்சினை இடப்பட்டது. ஆணை இதுவே, அன்பும் இதுவே.