பிளாஸ்மா மெஷினும் ஆறு தாதிகளும்

ஜூன் 9, திங்கள்
காலையிலிருந்து காற்று. கரைத்தீவிலிருந்து பஸ்ஸில் நின்றபடியே வந்தேன், கண்ணெல்லாம் மண். சிறுவர் வார்டில் பிளாஸ்மாப் பயிற்சி, முதல் நாள். எட்டரை என்றால் ஒன்பதேகாலுக்கு வருகிறார்கள். ஆறு தாதிகள். மெஷின் அறைச் சாவி ஸ்டோர்காரரிடம்; அவர் லீவு. படத்தைக் காட்டியே பாடம்: பிள்ளையின் இரத்தம் வெளியே வரும், மெஷின் பழைய பிளாஸ்மாவைப் பிரித்தெடுக்கும், மாற்றுப் பிளாஸ்மாவோடு இரத்தம் திரும்பிப் போகும். மூன்று தரம் சொன்னேன். ரிஸானா கொட்டாவி. நிரோஷா எதற்கெடுத்தாலும் கேள்வி. சிலாபப் பக்கம், தமிழ் அரைகுறை. "சிஸ்டர், மரத்துப்போறது என்றா மரம் தானே?" மற்றவர்கள் சிரித்துப் பத்து நிமிடம் வீண்.

ஜூன் 10, செவ்வாய்
சாவி கிடைத்தது. கையேட்டில் பாதிப் பக்கம் இரண்டு தரம் அச்சாகி, மீதி இல்லை. முக்கியமானதைப் பலகையில் எழுதினேன்: இரத்தம் உறையாமலிருக்க மெஷினில் சேர்க்கும் மருந்தால் கல்சியம் குறையும். உதடு, விரல் நுனி கூசும். கவனிக்காவிட்டால் வலிப்பு. இதயமும் தடுமாறும். "பிள்ளை சொல்லும். கேளுங்க." ஆறு தலையும் ஆடின. எழுதியது நிரோஷா மட்டும், அதுவும் சிங்களத்தில்.
நாளை உண்மையான பிள்ளை. ஸைனப், மாம்புரி ஊர், ஆறு வயது. நரம்பு நோயால் ஒரு வாரமாகக் கால் இரண்டும் இயங்கவில்லை.

ஜூன் 11, புதன்
மு.ப. 9.30க்குத் தொடங்கினோம். ஸைனபின் உம்மா கட்டிலை விட்டு நகரவில்லை. பிள்ளையின் வாயைத் துடைப்பதும் காதோடு கதைப்பதும். நான் சொல்வது யாருக்கும் கேட்கவில்லை.
"வெளியில போய் இரிங்க. பாடம் நடக்குது."
"மகள் பயப்புடுவா மிஸ்."
"நாங்க இத்தன பேர் ஈக்கிறம்."
போய்விட்டார்.
கால் மணித்தியாலம் சென்றிருக்கும். மெஷினின் எண்களை விளக்கிக்கொண்டிருந்தேன். நிரோஷா மறுபடி கை தூக்கினாள்.
"சிஸ்டர், எறும்பு என்றா என்ன?"
"கூம்பியா. அதுக்கு இப்ப என்ன?" சிங்களச் சொல்லைச் சொல்லி எரிந்து விழுந்தேன்.
அவள் குனிந்து பிள்ளையின் வாயைப் பார்த்தாள். "எறும்பு ஒன்றும் இல்லையே. வாயில எறும்பு, வாயில எறும்பு என்று சொல்றா. உம்மாட்டயும் அதுதான் சொன்னா."
உதடு கூசுவதைத்தான் பிள்ளை எறும்பு என்கிறாள். ஸைனபின் விரல்கள் மடங்கி இறுகத் தொடங்கியிருந்தன. மெஷினை நிறுத்தி டொக்டரைக் கூப்பிட்டேன். அவர் நரம்பு வழியாகக் கல்சியத்தை மெதுவாக ஏற்றினார். பத்து நிமிடத்தில் விரல்கள் விரிந்தன. "எறும்பு போய்ட்டுது" என்றாள், யாரையும் பார்க்காமல்.
பலகையில் எழுதியவள் நான். வாய் துடைத்த உம்மாவை வெளியே அனுப்பியவளும் நான்.
வெளியே போய் உம்மாவிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். அவர், "என்னட்ட ஒரு வார்த்த கேட்டீக்கலாம் மிஸ்."
இரவு பாண், பருப்பு. மூடி வைத்தேன்.

ஜூன் 13, வெள்ளி
இரண்டாம் தடவை. ரிஸானா நேரத்துக்கு வந்தாள், அதிசயம். ஸைனபின் உம்மா கதவடியில் நின்றார். வாங்க என்றும் வரவில்லை. என் கதிரையைத் தூக்கிக் கட்டிலோடு போட்டேன். "இதுல இரிங்க. மகள் என்ன சொன்னாலும் எங்களுக்குச் சத்தமாச் சொல்லுங்க." வந்து இருந்தார். மூன்று மணித்தியாலம் நின்றே பாடம். கால் கடுப்பு. ஸைனபின் வலது பெருவிரல் அசைந்ததாக நிரோஷா சொல்கிறாள். நான் பார்க்கவில்லை. உம்மா பார்த்தாராம்.