ஊதாப் பசுவின் விலாவில் உன் விரல்

சாக்கைப் பிரித்ததும் கார்பாலிக் சோப்பு வாசம். பெங்களூர்க் கண்காட்சியிலிருந்து படம் இன்று திரும்பி வந்தது. அனுப்பும்போது உன் பழைய போர்வையில்தான் சுற்றியிருந்தேன். நீ காய்ச்சலில் போய் எட்டு மாதம். போர்வை இன்னும் உன் கை மாதிரியே மணக்கிறது. அறையில் தனியாக நின்று சிரித்தேன்.

மூன்று வருடத்துக்கு முன்பு, ஓசூரில் நம் இருவருக்கும் இதே அறை. நான் சென்னையில் தத்துவம் படித்துவிட்டுத் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. லீவு நாட்களில் ஓவியன். நீ மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர், பேரிகை ஊர்க்காரன். தூக்கத்தில் தெலுங்கில் பேசுவாய், விழித்ததும் என்னைத் தமிழில் திட்டுவாய்.

அந்தச் சனிக்கிழமை ஆபீஸ் வேலையாகத் தளிக்குப் போயிருந்தேன். சாயங்காலம் பஸ்ஸுக்கு நின்றபோது முட்டைக்கோசுத் தோட்டத்து ஓரம் ஒரு பசு. கழுத்தைத் திருப்பித் தன் விலாவையே பார்த்தது. பின்னங்காலால் வயிற்றை உதைத்தது. மறுபடி பார்த்தது. பஸ் வரும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஞாயிறு விடிந்ததும் தூரிகையை எடுத்தேன். செவலைப் பசு ஊதாவானது. வானம் பச்சை. முகத்தில் பாதி கண். உதைக்கும் கால் உடம்பைவிட நீளம். ‘துயரம்’ என்று பெயர் வைத்தேன்.

நீ ரோஸ் பல்பொடி ஒட்டிய விரலோடு பின்னால் வந்து நின்றாய்.

“என்னாடா இது, மாடா?”

“மாடு மாதிரி. ஊதா நம்ம தலைமுறையோட துக்கம். அந்தக் கால் விதியை உதைக்குது.”

“விதி வயித்துக்குள்ளயா இருக்குது?”

சிரித்தாய். சட்டென்று நிறுத்தினாய். படத்தின் அருகே குனிந்தாய்.

“இத எங்க பாத்த?”

“தளியில. நேத்துச் சாயங்காலம்.”

“நெசமா இப்பிடித்தான் திரும்பிப் பாத்துச்சா? காலு?”

“அப்படித்தான். கொஞ்சம் நீட்டியிருக்கேன், உணர்ச்சிக்காக.”

“உன் உணர்ச்சியில மண்ணு. இது துக்கம் இல்லடா, பிரசவ வலி. நேத்தே எடுத்துச்சுன்னா இந்நேரம் கன்னு போட்டிருக்கணும். போடலன்னா உள்ள மாட்டிக்கிச்சு. சட்டையப் போடு.”

“போட்டிருந்தா?”

“பாத்துட்டு வருவோம். பஸ் காசு என்ன உங்க அப்பன் காசா?”

சொல்லிக்கொண்டே ஈர வண்ணத்தில், விலாவின் மேல், பல்பொடி விரலை அழுத்தினாய். “வலி இங்க.”

பஸ்ஸில் உன் மடியில் பை. சோப்பு, எண்ணெய், கயிறு. நீ மாட்டை நினைத்துக்கொண்டிருந்தாய். நான் கெட்டுப்போன படத்தை நினைத்துக் கோபமாக இருந்தேன். வெட்கமாக இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

பசு படுத்துவிட்டிருந்தது. அந்தத் தோட்டத்து வீட்டுக்கு அது ஒன்றுதான் மாடு. பக்கத்தில் மாட்டுக்கார அம்மா, கண் சிவந்து.

“ஞாயித்துக்கெழம ஆஸ்பத்திரி பூட்டியிருக்குமேன்னு நெனச்சேன் சாமி. யாரு சொல்லி வந்தீங்க?”

நீ என்னைக் காட்டினாய். “இவன் உங்க மாட்ட வரஞ்சிருக்கான்மா. அதுல பாத்தேன்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நேத்து அரமணி நேரம் நின்னு பாத்துக்கினு இருந்தது நீதானாப்பா? வரையத் தெரிஞ்சுது. வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லத் தெரியலியா?”

உன் பையைத் திறந்து சோப்பை எடுத்துக் கொடுத்தேன்.

நீ முழங்கைக்கு மேல் சோப்புப் போட்டுக்கொண்டு பசுவின் பின்னால் மண்டியிட்டாய். எந்த மாட்டிடமும் முதலில் கேட்பதைக் கேட்டாய்: “எங்கம்மா வலிக்குது?” பிறகு கை உள்ளே போனது. கண்ணை மூடிக்கொண்டாய். கன்றின் முன்னங்கால் ஒன்று பின்னால் மடங்கியிருந்ததாம். அதைத் தேடும்போது உன் முகத்தைப் பார்த்தேன். வாய் ஒரு பக்கம் கோணி, நெற்றி நரம்பு புடைத்து, ஒரு கன்னம் பசுவின் தொடையில் நசுங்கி. ஓவியப் புத்தகங்களில் நான் பார்த்த அத்தனை கோணல் முகங்களும் அன்றுதான் புரிந்தன. யாரும் எதையும் மிகைப்படுத்தவில்லை.

“கெடச்சிச்சு!” கயிற்றைக் கன்றின் காலில் மாட்டி, நுனியை என்னிடம் எறிந்தாய். “அது முக்கறப்ப இழு. நீயா இழுக்காத.”

முக்கியது. இழுத்தேன். நின்றது. நின்றேன். மூன்றாவது முறை வழவழவென்று ஒரு முழு உயிர் வைக்கோலில் விழுந்தது. அசையவில்லை. நீ மூக்கைத் துடைத்து, வைக்கோல் நுனியை உள்ளே விட்டுக் குடைந்தாய். தும்மியது. உன் முகத்தில்தான்.

“ஹெண்ணு கரு!” அந்த அம்மா கன்னடத்துக்குத் தாவிவிட்டார். பெண் கன்று. பசு எழுந்து நக்கத் தொடங்கியது. நாம் மூவரும் காரணமே இல்லாமல் சிரித்தோம். ஆளுக்கொரு முட்டைக்கோசோடு பஸ் ஏறினோம். நடத்துனர் முதல் ஓசூர் வரை எல்லோரிடமும் சொன்னாய்: “படத்தப் பாத்தே வைத்தியம் பண்ணிட்டு வர்றேன்.”

அறைக்கு வந்ததும் கேட்டேன். “கலர் தப்பா?”

ஊதாவைத் தொட்டுப் பார்த்தாய். “கலரு சரிடா. வலி அந்தக் கலருதான். பேருதான் பொய்யி.”

‘துயரம்’ என்பதை அடித்துவிட்டு, ‘தளி, சனிக்கிழமை’ என்று எழுதினேன். நீ இருந்தவரை படத்தைச் சுவரிலிருந்து இறக்கவே விடவில்லை. நம்ம மாடு என்பாய்.

கண்காட்சிக்கு நானும் போயிருந்தேன். கண்ணாடி போட்ட ஒருவர் அந்த ரோஸ் தடத்தின் முன் வெகுநேரம் நின்றார். “இயற்கையின் உடம்பில் நாகரிகம் வைத்த காயம், இல்லையா?” என்றார். பல்பொடி என்றேன். அவர் குறித்துக்கொண்டார். நீ இருந்திருந்தால் அங்கேயே உருண்டு சிரித்திருப்பாய்.

திரும்பும் வழியில் எல்லைச் சாவடியில் நம் மாநிலத்தின் புதுப் பெயரைப் பலகையில் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஈர வண்ணம். ஒரு விரல் வைக்கலாமா என்று கை துடித்தது.

ஒரு சேதி. உன் முகத்தில் தும்மிய அந்தக் கன்று இப்போது நிறைசினை. தளி பஸ் நடத்துனரிடம் அந்த அம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார்: “அந்தப் படக்காரன வரச் சொல்லு.” ஞாயிற்றுக்கிழமை போகிறேன். எனக்கு உன்னைப் போல் உள்ளே கை விடத் தெரியாது. உன் இடத்துக்கு வந்திருக்கும் புது ஆள் என்னோடு வருகிறார். உன் பையையும் சோப்பையும் எடுத்து வைத்துவிட்டேன்.

அது கழுத்தைத் திருப்பும் பக்கமாக நிற்பேன். பார்ப்பேன். இந்த முறை வாயைத் திறந்து சொல்வேன்.